வளை பழகாத ஃபெரட்டை வெளியே விடாதீர்கள்

வட அமெரிக்கப் புல்வெளிகளில் கருங்கால் ஃபெரட்டுகளை (கீரி போல் நீண்ட உடல் கொண்ட, அழிவின் விளிம்புவரை போன சிறிய வேட்டை விலங்கு) விடும் வேலையில், பெட்டியைத் திறப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். அந்த விலங்கு தாக்குப்பிடிக்குமா என்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய மாதத்திலேயே தீர்மானமாகிவிடும்.

1987-க்குள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மீட்டீட்ஸி அருகே பிடித்துக் காப்பாற்றியவை வெறும் 18. அவற்றில் 7-இன் வாரிசுகளை வைத்தே கூண்டு இனப்பெருக்கம் வளர்ந்தது. முதல் விடுவிப்பு 1991-இல், அதே மாநிலத்தின் ஷெர்லி பேசினில்.

கூண்டில் மட்டுமே வளர்ந்த குட்டி, வெளியே வந்ததும் வளைக்குள் இறங்காமல் மேலேயே சுற்றும். கொயோட்டி, ஆந்தை, பேட்ஜர் ஏதாவது ஒன்று அடித்துவிடும். அதனால்தான் பயிற்சிப் பட்டி: மண் தரை, அடியில் நிஜமான பிரெய்ரி டாக் (பெயரில் நாய் இருந்தாலும், வளையில் கூட்டமாக வாழும் அணில் இனக் கொறிவிலங்கு) வளைகள். தாயோடு குட்டிகளை இறக்கி, குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும். உயிருள்ள பிரெய்ரி டாக்கும் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட தன் எடையுள்ள இரையை இருட்டில், குறுகிய சுரங்கத்துக்குள் கழுத்தைக் கவ்விக் கொல்வது தட்டில் வைத்த இறைச்சியைத் தின்று வராது. இரைக்கான பிரெய்ரி டாக்குகளை முதலில் தனியே அடைத்துவைத்து, தெள்ளுப்பூச்சி பரப்பும் பிளேக் நோய் இல்லை என்று உறுதிசெய்தே உள்ளே விட வேண்டும். இதில் அவசரப்பட்டால் பட்டியே காலி.

தடுப்பூசி இரண்டு நோய்களுக்கு: டிஸ்டெம்பர் (நாய்களுக்கும் வரும் வைரஸ் நோய்), பிளேக். வீட்டு ஃபெரட்டுக்கு ஒத்துக்கொள்கிறது என்று வீரியம் குறைத்த உயிருள்ள டிஸ்டெம்பர் ஊசியை எடுத்துவிடக் கூடாது. 1970-களில் அப்படிப் போட்டதில் 6-இல் 4 செத்தன. பிளேக் ஊசி இரண்டு தவணை.

விடுவது இலையுதிர் காலத்தில், பொழுது சாய்ந்தபின். பிரெய்ரி டாக் காலனியின் ஓரத்தில் அல்ல, வளைகள் நெருக்கமாக உள்ள நடுப்பகுதியில், ஒவ்வொன்றையும் தனித்தனி வளையில் விட வேண்டும். பெட்டியின் வாயை வளை வாயோடு ஒட்டிவைத்து, உள்ளே ஒரு துண்டு இறைச்சி போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். தானாக இறங்கட்டும், தள்ளினால் வெளியே பாயும்.

பிறகு இரவு முழுக்க ஸ்பாட்லைட் கணக்கெடுப்பு. மரகதப் பச்சையாக மின்னும் கண் தெரிந்தால், அந்த வளை வாயில் சிப்பைப் படிக்கும் வளைய வடிவ ரீடரை வைத்தால் போதும். ஃபெரட் தலையை நீட்டும்போது, அதன் தோலுக்கடியில் முன்பே பொருத்திய அடையாளச் சிப்பின் எண் பதிவாகிவிடும். சிப் இல்லாதது காட்டிலேயே பிறந்த குட்டி. அதைப் பொறிவைத்துப் பிடித்து ஊசி போட வேண்டும். இரண்டாம் தவணைக்கு மறுபடியும் பிடிக்க வேண்டும். ஆள்பலத்தைத் தின்பது இந்த வேலைதான்.

ஃபெரட்டுக்கு ஊசி போட்டும் பிரெய்ரி டாக்குகள் பிளேக்கில் அழிந்தால் பட்டினிதான், உணவில் 90 சதவீதத்துக்கு மேல் அவைதானே. ஆகவே தெள்ளுப்பூச்சியைக் கொல்ல டெல்டாமெத்ரின் தூளை ஒவ்வொரு வளைக்குள்ளும் ஊத வேண்டும். பிரெய்ரி டாக் நடமாட்டமில்லாத வளை என்று எதையும் விட்டுவிடாதீர்கள், தெள்ளு அங்கேயும் இருக்கும்.