மாட்யூல் நம்மூர், செல் எந்த ஊர்?

ஈரோட்டுப் பக்கம் மொட்டை மாடியில் சோலார் போட்டுக் கொடுப்பது என் தொழில். "ஏந்தம்பி, இது சைனா மாலுங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. பேனலின் (மாட்யூல் என்பதும் இதைத்தான்) பின்பக்க ஸ்டிக்கரில் 'மேட் இன் இந்தியா' இருக்கும். பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கதை.

வீடுகளுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு டிசிஆர் பேனல் கட்டாயம். அதாவது உள்ளே வெயிலைக் கரண்டாக மாற்றும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். மானியம் கிடைக்காத மில்காரர்கள் விலை குறைந்த நான்-டிசிஆர் கேட்பார்கள். அதில் செல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்திருக்கும். இங்கே நடப்பது, கண்ணாடி, இவிஏ என்ற ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட், செல், மறுபடி இவிஏ, பேக்‌ஷீட் என்று அடுக்கி, லேமினேட்டரில் சூடாக்கி ஒட்டி, அலுமினிய ஃபிரேம் மாட்டுவது. இரண்டு பேனலையும் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது, பேப்பரைப் பார்த்தால்தான் உண்டு.

2022 ஏப்ரலில் மாட்யூலுக்கு 40, செல்லுக்கு 25 சதவீதம் சுங்க வரி போட்டார்கள். மாட்யூல் ஆலைகள் மளமளவென முளைத்தன. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா செல்லே செய்கிறது, சந்தோஷம். ஆனால் செல்லுக்கு வேஃபர் என்ற மெல்லிய சிலிக்கான் தகடு வேண்டும். உலக வேஃபரில் 95 சதவீதத்துக்கு மேல் சீனாவில்தான் அறுக்கிறார்கள். அதற்கும் அடியில் பாலிசிலிக்கான், அதாவது வேஃபருக்கு மூலப்பொருளான சுத்தமான சிலிக்கான்.

எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான். 1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) பேராசிரியர் வாசுதேவ மூர்த்தி குழு உருவாக்கிய முறையை வைத்து, நம் மேட்டூரில் மெட்கெம் சிலிக்கான் என்ற கம்பெனி பாலிசிலிக்கான் செய்தது! சீனாவின் சன்டெக் என்ற சோலார் கம்பெனி தொடங்கியதே 2001இல்தான். அதன் நிறுவனர் ஷி ஜெங்ரோங் ஆஸ்திரேலியாவில் சோலார் செல் ஆராய்ச்சியாளர் மார்ட்டின் கிரீனிடம் படித்தவர். சீனர்களும் முதலில் ஐரோப்பிய மெஷின்களைத்தான் வாங்கினார்கள். அப்புறம் அந்த மெஷினையே செய்யக் கற்றுக்கொண்டார்கள். நாமோ மெஷினோடு அதை ஓட்டிக் காட்டும் ஆளுக்கும் விசா கொடுத்து வரவழைக்கிறோம்.

பாலிசிலிக்கான் கரண்டைக் குடிக்கும் தொழில். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேற்றிய கம்பியில் வாயுவிலிருந்து சிலிக்கானைப் படிய வைக்க வேண்டும். ஆலைக்கான கரண்ட் கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் வரியை மட்டும் ஏற்றினால், இன்னும் நாலு லேமினேட்டர்தான் வரும்.