குவாரியில் எந்த வேலை?

வடக்கு வேல்ஸில் நெஞ்சக நோய்ப் பிரிவில் மருத்துவராக இருந்த காலத்தில், பிளைனாய் ஃபெஸ்டினியோக் ஊரிலிருந்து வரும் முதியவர்களிடம் இருமலைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே, அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்பேன். செங்குத்தான மலைகளுக்கு நடுவே உள்ள அந்த ஊரில், கூரை ஓடுகளாகப் பிளக்கப்படும் சிலேட்டுக் கல்லின் கழிவு மேடுகள் வீடுகளின் கொல்லைப்புறம் வரை இறங்கி நிற்கின்றன. 1951-இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்காவை அமைத்தபோது இந்த மேடுகளாலேயே ஊரை எல்லைக்கு வெளியே விட்டார்கள். 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த சிலேட்டு நிலப்பரப்பில் இந்த மேடுகளும் அடங்கும்.

"குவாரியில் இருந்தேன்" என்ற பதிலோடு நிறுத்திவிடக் கூடாது. தொடையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு சுரங்கப் பாறையில் தொங்கித் துளையிட்டவருக்கும், ஆலைக்குள் ரம்பத்தின் பக்கத்தில் நின்றவருக்கும் படிந்த தூசியின் அளவு ஒன்றல்ல. பெரியவர் ஒருவர் என் மேசையிலிருந்த தடித்த கோப்பை நிமிர்த்தி, அதன் விளிம்பின் நடுவே விரலை உளியாக வைத்து, சிலேட்டுக் கல் பாளத்தை முதலில் இரண்டாகவும் பிறகு ஒவ்வொரு பாதியையும் மீண்டும் இரண்டாகவும் பிளக்கும் முறையைக் காட்டினார். கல் காய்ந்துவிட்டால் சீராகப் பிளக்காது என்று அவர் பெருமையுடன் விளக்கும்போதே மூச்சு வாங்கியது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதி முழுக்கச் சிறு புள்ளிகள்; நிணநீர்க் கணுக்களைச் சுற்றி முட்டை ஓடு போன்ற சுண்ணாம்பு வளையம்.

இதுதான் சிலிக்கோசிஸ்: சிலேட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் நுண்தூசியை விழுங்கும் நுரையீரல் செல்கள் அதைச் செரிக்க முடியாமல் மடிந்து, அந்த இடங்களில் தழும்பு விழுகிறது. வேலையை விட்ட பிறகும் அது வளரக்கூடும், காசநோய்க்கும் இடம் கொடுக்கும். தழும்பை நீக்க மருந்து இல்லை. ஆனாலும், சிலேட்டுத் தூசி கெடுதல் செய்யாது, தொழிலாளர்கள் நெடுநேரம் கொதிக்கவைத்துக் குடிக்கும் தேநீர்தான் உடலைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் குவாரி மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்களின் அந்த வாக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும்.

குவாரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின், வழக்குத் தொடர முதலாளியே இல்லாத தொழிலாளர்களுக்கு அரசே இழப்பீடு தர 1979-இல்தான் சட்டம் வந்தது. இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு வேலை விவரமும் நோயின் சான்றும் வேண்டும். ஆகவே, எந்தக் கொட்டகை, எந்த இயந்திரம், எத்தனை ஆண்டுகள், தூசியை அடக்கத் தண்ணீர் தெளித்தார்களா என்பதையெல்லாம் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, கடிதத்தில் நோயின் பெயருக்கு முன்பாகவே அவற்றைச் சேர்ப்பேன்.