தாழ்வாரத்து மழை, ஆங்கில எழுத்தில்

மதுரைப் பக்கம் திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன் நான். பதினைந்து வருடம் அடுத்தவர் பாட்டை வாசித்துவிட்டு, போன வருடம் சொந்தமாக ஒன்று போட்டேன். வரிகள், பள்ளியில் எனக்குத் தமிழ் எடுத்த ஐயாவுடையவை. தலைப்பு 'தாழ்வாரத்து மழை'. பதிவெல்லாம் வீட்டில்தான்: ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டு, கடைசி டவுன் பஸ் போன பிறகு.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக்கில் நாமே நேராகப் பாட்டை ஏற்ற முடியாது. நடுவில், இந்தக் கடைகளுக்குப் பாட்டைக் கொண்டுசேர்க்கும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி இடங்களில் ஆண்டுச் சந்தா. சிடி பேபியில் ஒரே தடவை கட்டணம், ஆனால் வருகிற பணத்தில் 9 சதவீதம் அவர்களுக்கு. சந்தா வகையில் கட்டுவதை நிறுத்தினால் பாட்டே கடைகளிலிருந்து இறங்கிவிடலாம். இது தெரிந்தும் சந்தா வகையில் ஒன்றில்தான் சேர்ந்தேன். முதல் வருடச் செலவு கையைக் கடிக்கவில்லை.

பாட்டின் டபிள்யூஏவி ஒலி ஃபைல் பத்து நிமிடத்தில் ஏறிவிட்டது. 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படம் மட்டும் திரும்பி வந்தது. கச்சேரி நோட்டீஸ் பழக்கத்தில், படத்தின் கீழே புக்கிங்குக்கு என் போன் நம்பரைப் போட்டிருந்தேன். அதெல்லாம் கூடாதாம்.

நாள் தின்றது தலைப்புதான். கேட்பவர்கள் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள் என்று நினைத்து, ழ-வுக்கு 'எல்' போட்டேன். ஐயா போனில் படித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் மழைன்னு எழுதுனேன். நீ மலையைக் கொண்டுவந்து தாழ்வாரத்துல வச்சிருக்க."

'இசட் எச்' என்று மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டரின் படிவத்தில் நான்கு இடத்தில் தலைப்பு வருகிறது. மூன்றில் மாற்றி ஒன்றை விட்டுவிட்டேன். கடைக்குக் கடை வேறு எழுத்தாகப் போய் நின்றது.

அடுத்தது என் பெயர். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர் அது. 'புதுக் கலைஞரா, ஏற்கெனவே பக்கம் உண்டா' என்று படிவம் கேட்டபோது சரியாகப் பார்க்காமல் தாண்டிவிட்டேன். வெளியான அன்று பார்த்தால், என் பாட்டு மலேசியாக்காரர் ஒருவரின் பக்கத்தில், அவருடைய பக்திப் பாடல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே தானியங்கிப் பதில். கடைசியில் ஸ்பாட்டிஃபையிலேயே புகார் கொடுத்துப் பிரித்தேன். இப்போது பெயருக்கு முன்னால் ஊரையும் சேர்த்திருக்கிறேன். நாடகக் கம்பெனி காலத்திலிருந்து நம் ஆட்கள் செய்ததுதானே.

இன்னொரு கோட்டையும் விட்டேன். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் தொகுப்பவர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால், வெளியாவதற்கு முன்பே அனுப்ப வேண்டும்; ஏழு நாளாவது முன்னால் அனுப்பச் சொல்கிறார்கள். நான் அவசரத்தில் 'நாளைக்கே' என்று தேதி போட்டிருந்தேன்.

இதையெல்லாம் விட என்னைக் கூச வைத்தது கன்டென்ட் ஐடி. யூடியூப்பில் நம் பாட்டை யார் பயன்படுத்தினாலும் கண்டுபிடிக்கும் ஏற்பாடு. படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது, டிக் அடித்தேன். முதலில் என் சேனலிலேயே என் வீடியோவுக்கு உரிமைக் கோரிக்கை வந்தது. சிரித்துக்கொண்டே விலக்கு வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து, அதே கோரிக்கை தன் வீடியோவுக்கும் வந்திருந்த ஒரு கல்லூரிப் பையனிடமிருந்து மெயில்: "சார், நான் உங்க பாட்டைக் கேட்டதுகூட இல்லை."

உண்மைதான். பாட்டின் தொடக்கத்தில் எட்டு விநாடி உடுக்கை வரும். பதிந்து வைத்த ஒலித் துணுக்குகளை விற்கும் சாம்பிள் லைப்ரரியில் வாங்கிய லூப் அது. வாங்குகிற எல்லோருக்கும் உரிமை உண்டு. பையனும் அதையே வாங்கியிருக்கிறான். நமக்கு மட்டுமே உரிய ஒலி இருந்தால்தான் அந்தக் கட்டத்தைத் தொடலாம் என்று டிக்குக்குக் கீழேயே பொடி எழுத்தில் இருந்தது. கோரிக்கையை விலக்கி, கட்டத்தையும் எடுத்துவிட்டு, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கரகாட்டக் குழுவில் உடுக்கை அடிக்கும் அண்ணனைக் கூட்டிவந்து நாங்களே பதிந்துகொண்டோம். ஐஎஸ்ஆர்சி என்கிற, எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட அடையாளம் பாட்டுக்கு அல்ல, பதிவுக்கு. அதனால் இதற்குப் புது எண். பழைய பதிவின் கேட்பு எண்ணிக்கையில் இது சேராது.

பணம்? அமெரிக்க வரிப் படிவமான டபிள்யூ-8பென்னில் பான் எண்ணைப் போட்டு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகை கேட்டால், அங்கிருந்து வரும் ராயல்டியில் பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகிறது. ஆனால் பிடிப்பதற்கு முதலில் ஏதாவது வர வேண்டும். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பதிவுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை. எங்களுடையது ஒன்பதாவது மாதத்தில் தாண்டியது. பட்டியலில் ஒரு வரி: நார்வே, ஒரு தடவை, புள்ளிக்குப் பின்னால் பூஜ்ஜியங்கள். யாராக இருக்கும் என்று ஐயாவும் நானும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம்.

டிஸ்ட்ரிபியூட்டர் வழியே வருவது பதிவுக்கான காசு. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் உரியது வேறு வழி. இங்கே அதை வசூலிப்பது ஐபிஆர்எஸ் என்கிற காப்புரிமைச் சங்கம். அதில் சேரச் சொன்னேன். "எனக்கெதுக்கு தம்பி" என்றார் ஐயா. தன் வரிகள் சினிமாவிலோ இசைப்பதிவிலோ போன பிறகும், அவற்றுக்கு வரும் ராயல்டிப் பங்கைக் கவிஞரிடம் கம்பெனி எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி 2012-ல் காப்புரிமைச் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள் என்றேன். சட்டம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, பான் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

அவர் பெயரிலும் ஒரு ழ உண்டு. கார்டில் அது 'எல்'.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுல இருக்கிறபடியே போட்டுரு தம்பி."