அம்மாவின் கத்தரியும் என் முதல் பாட்டும்

ஒரு பாட்டை எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பதிவு செய்து வெளியிட எனக்குப் பதினோரு மாதம் ஆனது. பாட்டின் நீளம் 3 நிமிடம் 48 வினாடி. பணம் அவ்வளவாகச் செலவாகவில்லை, நாள்தான் போனது. வரி எழுதுவது ஒரு வேலை, பாடுவது ஒரு வேலை, பதிவு செய்வது ஒரு வேலை, ஒன்றை முடித்து மூட்டை கட்டிவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். பாதி நாள் அந்த நினைப்பிலேயே போயிற்று. இதே வழியில் இறங்கப்போகிற யாருக்காவது உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டைப் பக்கம். பகலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா முப்பது வருடத்துக்கும் மேலாகப் பீடி சுற்றுகிறாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீடித் தலையை மடக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுப்பாடத்தை எடுப்பேன். முதல் பாட்டு எழுதினால் அதைப் பற்றித்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

முதலில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கவிதை மாதிரி எழுதினேன். 'இலைமேல் விதி எழுதும் விரலே' என்று ஆரம்பம். படிக்க நன்றாக இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் சுத்த தன்யாசி ராகத்தில் ஒரு மெட்டு வந்தது. அதில் 'விதி' விழுகிற இடத்தில் ஸ்வரம் இரண்டு தாள எண்ணிக்கைக்கு நீண்டு நிற்கும். பாடிப் பதிவு செய்து, பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண்ணிடம் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "எந்த வீதியப் பத்திக்கா பாட்டு?" என்றாள்.

குறிலை இழுத்தால் தமிழில் சொல்லே மாறிவிடுகிறது. விதி வீதியாகிவிடும், கொடு கோடாகிவிடும், படு பாடாகிவிடும். இது நமக்கெல்லாம் ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்த விஷயம்தான், ஆனால் ஹெட்போனில் என் குரலையே நான் கேட்கிற வரைக்கும் அது பாட்டு எழுதுகிறவளின் பிரச்சினை என்று எனக்கு உறைக்கவில்லை. அதன் பிறகு முறையை மாற்றினேன். முதலில் சொல்லே இல்லாமல் 'தானே தன்னானே' என்று தத்தகாரமாக மெட்டை போனில் பாடி வைத்துக்கொள்வது, எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்று பேப்பரில் கோடு போட்டுக்கொள்வது, நீள்கிற இடத்தில் நெடிலோ, இல்லையென்றால் ம், ன், ல் போல முனகி நிறுத்தக்கூடிய மெய்யோ வருகிற சொல்லாகத் தேடுவது. சினிமாவில் மெட்டுக்கு எழுதுகிறவர்கள் காலம் காலமாகச் செய்வது இதைத்தான். நான் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வரி முடிகிற இடமும் இப்படித்தான். ஒரு சரணத்தில் 'காத்து' என்று முடித்து அதை இரண்டு தாளத்துக்கு இழுத்திருந்தேன், விளக்கை ஊதி அணைப்பது போல இருந்தது. குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதான் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். அரை மாத்திரை உள்ள ஓர் எழுத்தை நாலு மாத்திரைக்கு இழுத்தால் அது எப்படி நிற்கும்? பழைய பாட்டுக்காரர்கள் வரிக்கு வரி ஏகாரம் போட்டு முடித்தது வெறும் அழகுக்காக என்று நினைத்திருந்தேன். பாடுகிறவர்களுக்கு மூச்சை வைக்க அங்கே ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படி இரண்டு மாதம் அடித்துத் திருத்தி, பல்லவி இப்படி வந்து நின்றது: 'ஆயிரம் சேரணும் அந்திக்குள்ளே, ஈர இலைக்கும் நேரமில்லே.' விதியும் போயிற்று, விரலும் போயிற்று. வீட்டில் தினமும் காதில் விழுகிற பேச்சு வந்தது.

இனி பதிவு. கையில் இருந்தது ஒரு பழைய லேப்டாப், மைக்கை லேப்டாப்போடு இணைக்கிற ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இன்டர்ஃபேஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக், ஒரு மூடிய ஹெட்போன். ஒலியைப் பதிந்து திருத்துகிற மென்பொருள் ரீப்பர். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனிநபருக்கு உரிமம் 60 டாலர். சின்ன ஒலியையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வாங்கவில்லையே என்ற குறை ஆரம்பத்தில் இருந்தது, இப்போது இல்லை. எங்கள் தெருவில் கண்டென்சர் வைத்தால் மூன்றாவது வீட்டு மிக்ஸியும் சேர்ந்துதான் பாடும். டைனமிக் மைக் வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளும், தெருவைக் கொஞ்சம் தள்ளியே வைக்கும்.

முதல் நாளே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடியது. மைக் கேபிளை மாற்றினேன், யுஎஸ்பி கேபிளை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அப்படியே நின்றுவிட்டது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எர்த்திங் சரியில்லாத வீடுகளில் அந்த 50-ம் அதன் மடங்குகளான 100, 150-ம் சார்ஜர் வழியாக உள்ளே வந்துவிடும். அதற்குப் பிறகு முழுப் பதிவும் பேட்டரியில்தான். என் பேட்டரி ஒரு மணி பத்து நிமிடம் தாங்கும், ஒரு நாளின் வேலையும் அவ்வளவுதான்.

இன்னொரு தலைவலி, ஹெட்போனில் என் குரல் எனக்கே பிந்தி வந்து கேட்டது. கம்ப்யூட்டர் ஒலியை எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புகிறது என்கிற பஃபர் அளவு 1024 சாம்பிளில் இருந்தது. வினாடிக்கு 48,000 சாம்பிள் என்ற விகிதத்தில் அது ஒரு பக்கத்துக்கு மட்டும் 21 மில்லி வினாடி, போக வர 40-க்கு மேல். தாளத்துக்குப் பாடுகிறவள் அதில் தடுமாறத்தான் செய்வாள். 128-க்குக் குறைத்தால் லேப்டாப் மூச்சு வாங்கி டிக் டிக் என்று உடைகிறது. இன்டர்ஃபேஸின் முகப்பிலேயே டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் இருப்பதைக் கவனிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வந்துவிடும்.

அறை பத்தடிக்கு எட்டடி. அதில் ஓர் இரும்பு பீரோ. என் சுருதி ஐந்தரைக் கட்டை. கீழ் சட்ஜத்தில் நின்றால் ஒவ்வொரு முறையும் பதிவில் 'சிர்ர்' என்று ஓர் அதிர்வு கேட்டது, மற்ற ஸ்வரங்களில் இல்லவே இல்லை. மைக் கெட்டுவிட்டதோ, தொண்டை கெட்டுவிட்டதோ என்று நாலு நாள் வெந்நீர் குடித்தேன். அந்தச் சட்ஜம் 208 ஹெர்ட்ஸ் பக்கம், பீரோ கதவும் அதில் தொங்குகிற சாவிக் கொத்தும் அதே இடத்தில் கூடவே அதிர்ந்துகொண்டிருந்தன. சாவியை எடுத்துவிட்டுக் கைப்பிடியில் துணியைச் சுற்றினேன். அதோடு விடாமல் பீரோவையே திறந்து, இரண்டு கதவிலும் பவானி ஜமுக்காளத்தைப் போட்டு மூடி, உள்ளே அடுக்கியிருக்கிற சேலைகளைப் பார்த்துப் பாடிப் பார்த்தேன். அறையின் கணகணப்பு போய்க் குரல் மட்டும் தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது. அம்மாவின் கல்யாணப் பட்டு உட்பட அத்தனை சேலையும் சேர்ந்து செய்த வேலை அது. மே மாதம், மின்விசிறியைப் போட முடியாது, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பப் போவேன். ஆனாலும் அந்த இருட்டுக்குள் பாடிய இரவுகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

தாளத்துக்கு முதலில் கம்ப்யூட்டரில் இருக்கிற டிரம்ஸ் ஒலிகளைத்தான் போட்டேன். எதைப் போட்டாலும் பாட்டு வேறு யாருடையதோ ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே திருத்திக்கொண்டிருக்க, வெளியே திண்ணையில் அம்மா இலை வெட்டுகிற சத்தம் என் தாளத்தோடு இரண்டு சுற்று சேர்ந்து ஓடிவிட்டுப் பிரிந்தது. மைக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். "பாட்டு பாடுததுக்குக் கத்திரி எதுக்குட்டி?" என்றாள். பதில் சொல்லாமல் அவள் முழங்கால் பக்கம் ஸ்டாண்டைப் போட்டு, கத்தரிக்கு ஒரு சாண் மேலே மைக்கை நிறுத்தினேன்.

அந்தச் சத்தத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. இலையின் மேல் அளவுத் தகட்டை வைக்கும்போது சின்னதாக ஒரு 'டக்'. ஓரத்தோடு கத்தரி போகும்போது 'கிரிச், கிரிச்', திருப்பத்தில் ஒரு நொடி நிற்பு, மறுபடி 'கிரிச்'. வெட்டிய இலை சொளகில் விழும் ஓசை இருக்கிறதா இல்லையா என்று கேட்டுப் பார்க்கிற அளவுக்கு மெல்லியது. இரவே நனைத்துத் துணியில் சுற்றி வைத்த இலை மெத்தென்று வெட்டுப்படும், காய்ந்துபோன இலை நொறுங்கும். நல்ல ஈர இலையில் நாலு நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

அதை ரீப்பரில் போட்டால் வேகம் ஒரே சீராக இல்லை, நிமிடத்துக்கு 96 தட்டில் தொடங்கி 101 வரைக்கும் ஏறியிருந்தது. எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் அடக்கலாம், செய்தும் பார்த்தேன், சத்தத்தில் இருந்த அம்மா காணாமல் போய்விட்டாள். வெட்டியதை எல்லாம் அழித்துவிட்டு, அவள் வேகம் எங்கே ஏறுகிறதோ அங்கே வேகத்தை மாற்றுகிற டெம்போ குறிகளைப் போட்டு, கீபோர்டையும் என் குரலையும் அவளுக்குப் பின்னால் போக வைத்தேன். முழுப் பாட்டையும் மறுபடி பாட வேண்டியதாயிற்று, அதற்கு மூன்று வாரம்.

அங்கேதான் வரியும் மறுபடி மாறியது. 'ஆயிரம் சேரணும்' என்கிற இடத்தில் கத்தரியும் என் 'சே'யும் ஒரே நேரத்தில் விழுந்தன. இரண்டும் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரைக்குமான அதே பகுதியில் சீறுகிற ஒலிகள், காதைக் குத்தின. சீற்றத்தை அடக்குகிற டீ-எஸ்ஸர் போட்டால் நான் மழலை பேசுவது போல ஆகிறது, கத்தரியின் மேல்பகுதியைக் குறைத்தால் அதில் உயிர் இல்லை. இரண்டு நாள் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் சொல்லைத் திருப்பினேன். 'ஆயிரம் ஆகணும் அந்திக்குள்ளே.' ஒரே ஓர் எழுத்தின் சீற்றம் போனதும் கத்தரிக்கு இடம் கிடைத்துவிட்டது, பொருளும் இன்னும் இயல்பாகிவிட்டது, அம்மாவும் எந்நாளும் 'ஆகணும்' என்றுதான் சொல்வாள். அன்றிலிருந்து வரி எழுதும்போதே கத்தரித் தடத்தை ஓடவிட்டுத்தான் எழுதினேன். இரண்டாவது சரணம் ஒரே இரவில் முடிந்தது.

'பீடி' என்ற சொல்லும் சும்மா விடவில்லை, மைக்கில் 'டப்' என்று மோதியது. எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய மெல்லிய துப்பட்டாவை இழுத்துப் பூட்டி முன்னால் நிறுத்தி, மைக்கை நேராக வைக்காமல் வாயின் ஓரமாகச் சாய்த்து வைத்ததும் சரியாகிவிட்டது.

மிக்ஸிங் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டேன், என் குரல் அவ்வளவு கீழே போவதே இல்லை, அங்கே இருந்தது தெருவில் போகிற லாரி மட்டும்தான். சத்தத்தைக் குறைத்து வைத்தே வேலை செய்தேன், போன் ஸ்பீக்கரில் ஒரு முறை, தம்பி ஆட்டோவில் ஒரு முறை கேட்டுத் திருத்தினேன். கடைசியில் பாட்டின் மொத்தச் சத்த அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கிற அலகு) பக்கம் நின்றது. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் அந்த அளவை ஒட்டித்தான் பாட்டுகளைச் சமன் செய்கின்றன, அதற்கு மேல் நெரித்து ஏற்றினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள், நெரிசல் மட்டும் நமக்கு மிஞ்சும்.

வெளியிட, பாட்டுகளை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்குக் கொண்டு சேர்க்கிற ஒரு விநியோக நிறுவனத்தின் படிவத்தை நிரப்பினேன். பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று மூன்று இடத்திலும் முழுப் பெயரைத் தனித்தனியாகப் போடுங்கள், 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் உரிய பங்கு உண்டு, சோம்பல்பட்டு அந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்பட்டால்தான் ஒரு பாட்டுக்குப் பணமே கணக்கில் வரும், என் பாட்டு இன்னும் அதைத் தொடவில்லை. வாத்தியப் பட்டியலில் கத்தரி இல்லை. தாள வாத்தியம் என்பதைத் தேர்ந்தெடுத்து அதற்கு நேராக அம்மாவின் பெயரை எழுதினேன்.

பாட்டு வந்த அன்று சாயங்காலம் அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கை வேலை செய்துகொண்டேதான் கேட்டாள். முதல் சரணம் முடிந்து இடையிசை வருகிற இடத்தில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இந்த எடத்துல இல கிழிஞ்சிருக்கு பாத்தியா?" என்றாள். உள்ளே போய் அந்தத் தடத்தை மட்டும் தனியாக ஓடவிட்டுக் கேட்டேன். 'கிரிச்' முடிவதற்கு முன்னால், நூல் இழை போல, ஒரு கிழிசல் இருந்தது.