அவர் கேட்டது வண்டியைப் பற்றி

"ஏனுங்ணா, நீங்கதான வேலை பாத்தது, வண்டி எப்படிங்க?" என்று கேட்டார் வாங்க வந்தவர். "ஆயில் லீக் இப்ப சுத்தமா இல்லீங்க" என்றேன். பொய் சொல்லவில்லை.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங் அடியில் ஆயில் சொட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்த பழைய ஆறு சிலிண்டர் லாரி அது. அங்கே சொட்டினால் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல்தான், கியர்பாக்ஸை இறக்கு என்பார்கள். பையன் ஜாக்கியையே எடுத்து வந்துவிட்டான். நான்தான் பொறுடா என்றேன். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரில் கசிகிற எண்ணெயும் பிளாக்கில் வழிந்து, ஓட்டத்தில் காற்று பின்னால் தள்ளி, கடைசியில் அங்கேதான் வந்து சொட்டும். முகர்ந்து பார்த்தேன், கியர் ஆயிலின் கந்தக நாற்றம் இல்லை, எஞ்சின் ஆயில்தான். டீசல் விட்டுக் கழுவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, காய்ந்ததும், கசிகிற இடம் நனைந்து காட்டட்டும் என்று முகப்பவுடரைத் தூவி ஸ்டார்ட் செய்தால் ஒரு சொட்டு இல்லை. சரி, லோடோடு தொப்பூர் மேடு ஏறி வாங்க என்று அனுப்பினேன். வந்தபோது டேப்பெட் கவர் பின் மூலை, கீழே ஆயில் நிற்கும் சம்ப்பின் ஓரம், சீல், மூன்றிலும் பவுடர் நனைந்திருந்தது. மூன்றும் ஒன்றாகக் கசிந்தால் உள்ளே பிரஷர் ஏறுகிறது என்று அர்த்தம். அந்தப் பிரஷரை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றினேன், கரியும் எண்ணெயும் இறுகி அடைத்துக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து டேப்பெட் கவர் பேக்கிங் மட்டும் மாற்றினேன், அடுத்த லோடுக்கு எல்லாம் காய்ந்தே இருந்தது. கியர்பாக்ஸில் கையே வைக்கவில்லை. அந்த வேலையில் எனக்கு இன்றும் திருப்திதான்.

ஆனால் பிரீதர் ஏன் அடைத்தது? அடைப்பு போனதும் குழாயில் புகை குப்குப்பென்று வந்தது, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் சும்மா வைத்தால் ஆடியது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த கேஸ் கீழே இறங்குகிறது. எஞ்சின் வேலை கூடிய சீக்கிரம் வரும் என்று ஓனரிடம் சொல்லிவிட்டேன். "தெரியுமுங்க, விக்கத்தானுங்க போறேன், லீக் நின்னாப் போதும்" என்றார்.

பழைய லாரி வாங்குகிறவர் பிரீதர் புகையைப் பார்க்க வேண்டாமா, கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவர வேண்டாமா? பட்டறைக்காரன் வியாபாரத்தைக் கெடுத்தால் சங்ககிரியில் அப்புறம் யார் வண்டி விடுவார்கள்? இதெல்லாம் நியாயம்தான். அவர் மெக்கானிக்கைக் கூட்டிவராததே நான் இருக்கிறேன் என்றுதானோ என்று தோன்றும்போதுதான் சங்கடம். வண்டி எப்படி என்று கேட்டவருக்கு நான் லீக்கைப் பற்றிப் பதில் சொன்னேன். விலையில் ஓனர் எஞ்சின் வேலைச் செலவைக் கழித்திருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன், கேட்கவில்லை. ஓனர் தோளோடு தோளாக நிற்கும்போது இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேனோ என்னவோ. வாங்க வந்தவரும் என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டிருக்கலாம்.