ஆறு வருடம், ஆறு மாதம், ஐந்து நாள்

வேலையை விடுகிறேன் என்று கோபத்தில் வாயால் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டாதீர்கள். நான் தாண்டினேன். 2023 அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை. அந்த ஒரு நிமிடச் சந்தோஷத்துக்கு அப்புறம் ஐந்து மாதம் அலைந்தேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில், பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றிய இடத்தில் கணக்கு பார்த்தேன். எந்த ஊர், எந்த வீடு என்பதெல்லாம் வேண்டாம். 2017 ஜூன் 5-ல் சேர்ந்தேன். வீட்டுக்குச் சொந்தக்காரரை எல்லோரும் ஆச்சி என்போம். அவர் இருப்பது சென்னையில், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் மேனேஜர் வைத்ததுதான் சட்டம்.

அந்த ஆளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். திட்டவேண்டும் என்றால் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட மாட்டார், வளவுக்கு, அதாவது வீட்டு நடுவில் இருக்கிற முற்றத்துக்குக் கூப்பிடுவார். வளவு நடுவில் நின்று ஒருவர் குரலை உயர்த்தினால் சுற்றியிருக்கிற அத்தனை அறைக்கும் கேட்கும், வீடு கட்டியிருக்கிற லட்சணம் அப்படி. கல்யாணத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் கட்டிய இடம். அங்கே நின்று ரூம் பையனை "மாட்டுக்குப் பொறந்தவனே" என்பார். என்னை அந்த வார்த்தை சொன்னதில்லை, படித்தவள் என்பதால் வேறு ரகம்: "கணக்குப் பிள்ளை வேலைக்கு வந்துட்டு கலெக்டர் மாதிரி நடக்கிறா பாரு."

அக்டோபர் 6 அன்று பிரெஞ்சுக்காரர்கள் 14 பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை பேருக்குச் சைவம் என்பதை அவர்தான் தப்பாகக் குறித்திருந்தார், கையெழுத்தும் அவருடையது. இருந்தும் அவர்கள் முன்னாலேயே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி என் காலடியில் போட்டார். அவர்களுக்குத் தமிழ் தெரியாதுதான். நோட்டைத் தூக்கிப் போடுவதற்கு மொழி எதற்கு? பந்தியில் ஒரு அம்மா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் "நாளையிலிருந்து வரமாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வாட்ஸ்அப் வந்தது. சொல்லாமல் ஓடிப்போனதாக எழுதிக்கொள்வதாகவும், சர்டிபிகேட் கிடையாது, பி.எஃப். கிடையாது, காரைக்குடியில் எவனும் வேலை தரமாட்டான் என்றும். அப்போதுதான் உறைத்தது, என் பி.காம். பட்டமும் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் ஒரிஜினலாக அவர்களிடம் இருக்கின்றன. சேரும்போது "சும்மா சேஃப்டிக்கு" என்று வாங்கியது. கொடுத்ததற்கு ரசீது கூட இல்லை. தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

என் சித்தப்பா மில்லில் வேலை பார்த்து யூனியனில் இருந்தவர். நான் அழுது முடிக்கிறவரைக்கும் டீ குடித்தார். அப்புறம் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டார். வேலையை விடும்போது நிறுவனம் தரவேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்பது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வேலை பார்த்த வருடங்களால் பெருக்குவது. எனக்கு அந்தத் தொகை 13,000, ஆக ஒரு வருடத்துக்கு 7,500. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சத்தை முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள், தாண்டாவிட்டால் அந்த மிச்சத்துக்கு ஒன்றுமில்லை. "நீ இன்னிக்கு விட்டா ஆறு வருஷம். டிசம்பர் அஞ்சுக்கு மேல விட்டா ஏழு வருஷம். ரோஷத்துக்கு 7,500 ரூபா குடுக்கிறியா ஆத்தா?" என்றார். பணம் மட்டும் இல்லை. எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல் நான் நின்றுவிட்டால் என் கடைசி நாளை அந்த மேனேஜர்தான் எழுதுவார், காரணத்தையும் அவரேதான் எழுதுவார்.

திரும்பிப் போனேன். இதை எழுதுவது ஒரு வரி, போனது அப்படி இல்லை. அக்டோபர் 10 காலையில் முகப்புப் படியில் ஏறும்போது கால் நிஜமாகவே நடுங்கியது. அவர் எல்லோர் முன்னாலும் "என்ன, கலெக்டர் அம்மா லீவு முடிஞ்சு வந்தாச்சா?" என்றார். நான் "காய்ச்சல் சார்" என்றேன். அந்தப் பொய்க்காக இன்னும் கூச்சமாக இருக்கிறது. சமையல் மாஸ்டர் மட்டும் அன்றைக்கு ஒரு கிண்ணத்தில் கவுனி அரிசி இனிப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் போனார்.

அடுத்த ஒரு மாதம் நான் செய்தவற்றில் எது உதவியது, எது வீண் என்று இப்போது தெரிகிறது. தனியாக ஒரு நோட்டில் தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதினேன். அது யாரிடமும் காட்ட வேண்டி வரவில்லை, ஆனால் எழுதிய அன்றெல்லாம் தூக்கம் வந்தது. அவர் அனுப்பிய மெசேஜ்களையும் என் சம்பளச் சீட்டுகளையும் என் சொந்த மெயிலுக்கு அனுப்பினேன். ஹோட்டல் கணக்கு, விருந்தினர் விவரம் எதையும் தொடவில்லை, தொட்டிருந்தால் திருட்டுப் பழி சுலபமாக வந்திருக்கும். நேரில் கத்துவதைப் பற்றி மட்டும் எங்கே கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார்கள், சும்மா கத்துகிற மேனேஜருக்கென்று தனிச் சட்டம் எதையும் யாரும் எனக்குக் காட்டவில்லை. பாலியல் பேச்சோ கையோ நீண்டால் கதை வேறு. 2013 சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதற்குக் கீழே என்றால் மாவட்ட அளவில் குழு உண்டு.

இன்னொன்று, பி.எஃப். பதிவில் என் பிறந்த தேதி ஆதாரோடு பொருந்தவில்லை. அதைத் திருத்த அப்போது ஜாயின்ட் டிக்ளரேஷன், அதாவது ஊழியரும் நிறுவனமும் சேர்ந்து தரும் விண்ணப்பம் தேவைப்பட்டது, அதற்கு நிறுவனம் சம்மதிக்க வேண்டியிருந்தது. பி.எஃப். வேலையை ஹோட்டலுக்காகச் செய்தது காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், அங்கே இருந்த பையன் மேனேஜரின் மற்ற காகிதங்களோடு சேர்த்து அதையும் முடித்துக் கொடுத்தான். உங்கள் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி எல்லாம் பொருந்துகிறதா என்று உறவு நன்றாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். நிறுவனத்தின் சம்மதம் தேவைப்பட்டால், சண்டைக்கு அப்புறம் அதை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

தீபாவளி நவம்பர் 12. போனஸ் 8-ஆம் தேதி கணக்கில் ஏறியது. 9-ஆம் தேதி கடிதம் கொடுத்தேன், ஒரு மாத நோட்டீஸ், கடைசி நாள் டிசம்பர் 9. கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை, "சொந்தக் காரணம்" என்று இரண்டே வரி. முதலில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன், சித்தப்பா அதைப் படித்துவிட்டு மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் வாங்கவில்லை. "தீபாவளி நேரத்துல இதென்ன விளையாட்டு" என்று மேசையில் தள்ளிவிட்டார். அன்று மதியமே ஹோட்டல் முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன், ஆச்சியின் சென்னை முகவரிக்கு இன்னொன்று. (இப்போது பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள்.) சென்னை அட்டை கையெழுத்தோடு வந்தது. ஹோட்டல் கவர் வாங்க மறுத்ததாகக் குறிப்பு எழுதித் திரும்பி வந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது, சித்தப்பா சிரித்தார். மறுத்த கவர்தான் நல்ல சாட்சியாம், ஆனால் அதைப் பிரிக்கவே கூடாது. பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

நோட்டீஸ் மாதம் சீசன் மாதம், வேலை முதுகை முறித்தது. பயந்தது பணப்பெட்டிக்குத்தான். கணக்கு பார்ப்பவரைப் பழிவாங்க வேறெதுவும் வேண்டாம், குறைகிறது என்றாலே போதும். அதனால் தினமும் மாலையில் ஹவுஸ்கீப்பிங் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணி, கேஷ் புத்தகத்திலேயே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். டிசம்பர் 9 அன்று நினைத்தது போலவே வந்தது: "6,200 குறையுது, கட்டிட்டுப் போ." நான் புத்தகத்தைத் திருப்பினேன். டிசம்பர் 2, அவரே கையெழுத்துப் போட்டு எடுத்த அட்வான்ஸ், 6,200. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். ஆறரை வருடத்தில் அவர் பதில் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாவிகளை ஒப்படைத்ததற்கும் கையெழுத்து வாங்கினேன்.

சர்டிபிகேட் கேட்டதற்கு ஆச்சியின் பீரோவில் இருக்கிறது, சாவி அவரிடம் என்றார். ஆச்சிக்கு டிசம்பர் 4-லிருந்தே போன் போகவில்லை. மிக்ஜாம் புயலில் அவர் இருந்த தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை. அந்த அம்மாளே மாடியில் உட்கார்ந்திருக்கும்போது என் மார்க் ஷீட்டைப் பற்றிக் கேட்பது எப்படி என்று இன்னொரு பக்கம் தயக்கம். ஒருவழியாகப் பேசியபோது, "சர்ட்டிபிகேட்டா? அது எதுக்கு நம்மகிட்ட இருக்கு?" என்றார். அவருக்கு விஷயமே தெரியாது.

அதற்கு நடுவே ஒரு வெட்டி அலைச்சல். டிசம்பர் 11 அன்று பணிக்கொடைக்காகச் சிவகங்கைக்குப் பஸ் ஏறி தொழிலாளர் துறை அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு நாள், பார்க்கவேண்டிய அதிகாரி அங்கே போய்விட்டார். மூன்று மணி வரைக்கும் காத்திருந்த பிறகு, அதுவரை என்னை நிமிர்ந்தே பார்க்காத கிளார்க் கேட்டார்: "முதல்ல அவங்ககிட்ட எழுதிக் கேட்டீங்களா? கேட்ட காகிதம் எங்க?" இல்லை. "அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?" ஆள் மரியாதையில்லாதவர், சொன்னது சரி. முதலில் நிறுவனத்துக்கு விண்ணப்பம், 30 நாளுக்குள் அவர்கள் தரவேண்டும், தராவிட்டால்தான் அலுவலகம். அதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் மத்தியானச் சாப்பாடாவது வீட்டில் சாப்பிட்டிருப்பேன். நான் சொல்வது 2023 நடைமுறை, 2025 நவம்பரில் புதுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டதால் படிவத்தை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுநாளே விண்ணப்பத்தைத் தபாலில் போட்டேன். ஜனவரியில் 45,000-க்குச் செக் வந்தது. நான் கடிதம் கொடுத்த நவம்பர் 9 வரைக்கும் எண்ணி ஆறு வருடம் என்று போட்டிருந்தார்கள். செக்கைப் போட்டுவிட்டு, கடைசியாக வேலை பார்த்த நாள் டிசம்பர் 9, சேவை ஆறு வருடம் ஆறு மாதம் ஐந்து நாள், பாக்கி 7,500, தாமதமானால் வட்டி உண்டு என்று எழுதினேன். ஆச்சிக்கும் நகல்.

தைப் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வரும் செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டைக்கு வந்த ஆச்சி அப்படியே ஹோட்டலுக்கும் வந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பீரோவைத் திறந்தால் அதில் பட்டுப்புடவையும் பழைய பத்திரமும்தான். சர்டிபிகேட் மேனேஜரின் மேசை அறையில், பழைய மெனு கார்டுகளுக்கு அடியில் கிடந்தது, மார்க் ஷீட் ஓரத்தில் டீக் கறையோடு. ஆச்சி அவரை ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம் "ஏன் ஆத்தா, முன்னாடியே எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். ஆறு வருடம் அந்த வளவில் கேட்டது அவர் காதுக்கு மட்டும் எட்டவில்லையா என்று வாய் வரைக்கும் வந்தது. சர்டிபிகேட் கையில் வரட்டும் என்று விழுங்கிக்கொண்டேன். பாக்கி 7,500 பிப்ரவரியில் வந்தது. அனுபவச் சான்றிதழில் இனிஷியல் தப்பு, அதற்காக இன்னொரு நடை.

பி.எஃப். பக்கம் மேனேஜர் மிரட்டியதெல்லாம் வெறும் காற்று. வெளியேறிய தேதியை அவர்கள் போடவே இல்லை, ஆனால் கடைசிச் சந்தா போய் இரண்டு மாதம் ஆனால் நாமே ஆதார் ஓ.டி.பி. வைத்துப் போட்டுக்கொள்ளலாம். மார்ச்சில் போனிலேயே போட்டேன், பத்து நிமிடம். இப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் இருக்கிறேன், பணத்தை எடுக்காமல் இங்கே மாற்றிக்கொண்டேன், ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும் என்பதால்.

ஹவுஸ்கீப்பிங் அக்கா போன வாரம் போன் பண்ணினார். அவர் சேர்ந்தது 2019 செப்டம்பராம். "எந்தத் தேதி, அக்கா?" என்று கேட்டு, காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டேன்.