தேர்வு நாட்டுக்குப் பொது, உரிமம் மாநிலத்துக்கு உரியது

அமெரிக்காவின் சி.பி.ஏ. (சான்றளிக்கப்பட்ட பொதுக் கணக்காளர்) தேர்வில் நான்கு தாள்களிலும் தேறிய பிறகும், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் நான் சி.பி.ஏ. ஆகவில்லை. ஊரில் இருந்த அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. இந்தியாவில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒரே நிறுவனம்தான் பட்டயக் கணக்காளர் தேர்வை நடத்துகிறது, அதுவே உறுப்பினராகவும் சேர்த்துக்கொள்கிறது. சென்னையில் தொழில் செய்பவருக்கும் கொல்கத்தாவில் தொழில் செய்பவருக்கும் சான்றிதழ் ஒன்றே. அமெரிக்காவிலோ தேர்வு மட்டுமே நாடு முழுவதற்கும் பொது. உரிமம் தருவதும் பறிப்பதும் அந்தந்த மாநிலத்தின் கணக்கியல் வாரியம். 1896-இல் நியூயார்க் மாநிலம் முதல் சி.பி.ஏ. சட்டத்தை இயற்றியது, இன்று 50 மாநிலங்களையும் தலைநகரையும் குவாம், போர்ட்டோ ரிக்கோ போன்ற ஆட்சிப்பகுதிகளையும் சேர்த்து 55 வாரியங்கள் இருக்கின்றன.

இங்கு வருகிற நம்மவர்கள் பலர் கவனிக்கத் தவறுவது, தேர்வு எழுதுவதற்கான தகுதியும் உரிமம் பெறுவதற்கான தகுதியும் வெவ்வேறு என்பதைத்தான். நானும் தவறினேன். எனக்கு வழிகாட்டிய பயிற்சி நிலையத்தார், 120 கிரெடிட் (கல்லூரிப் படிப்பை அளக்கும் அலகு) இருந்தாலே தேர்வு எழுதவிடும் ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். அதே மாநிலம் உரிமத்துக்கு 150 கிரெடிட் கேட்கும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, நானும் விதிகளைத் தேடிப் படிக்கவில்லை. நம் மூன்றாண்டு பி.காம். பட்டத்தை இங்குள்ள மதிப்பீட்டு அமைப்புகள் பெரும்பாலும் 90 கிரெடிட்டாகவே கணக்கிடுகின்றன. எம்.காம். பட்டத்தையும் சேர்த்து எனக்குக் கிடைத்தது 138. மீதி 12 கிரெடிட்டுக்காக வீட்டருகே இருந்த சமுதாயக் கல்லூரியில் நான்கு பாடங்களைப் படித்தேன். அவற்றில் ஒன்று நிலவியல். நல்ல ஆசிரியர், நல்ல பாடம். பாறைகளைப் பற்றி அங்கே அறிந்துகொண்டது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பு நேர்மையானதா என்று சொல்லும் திறனை அது எனக்கு எவ்வகையிலும் கூட்டவில்லை. கணக்கியல் பாடங்களுக்குத் தனியாக விதித்த அளவை நிறைவுசெய்த பிறகு, மீதிக் கிரெடிட்டுகளை எந்தப் பாடத்திலிருந்தும் பெறலாம் என்பதே பெரும்பாலான மாநிலங்களின் விதியாக இருந்தது.

இப்படிப்பட்ட விதி எப்படி நாடு முழுவதும் பரவியது? 1983-இல் ஃப்ளோரிடாவில் நடைமுறைக்கு வந்த 150 கிரெடிட் விதியை மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்றன. கலிஃபோர்னியா 2014-இல்தான் முழுமையாக அதற்கு மாறியது. கல்வித்தரம் உயரும் என்ற நம்பிக்கை மட்டும் இதற்குக் காரணமன்று. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் மறு உரிமம் பெறாமல் எல்லை தாண்டித் தொழில் செய்ய வேண்டுமானால் இரு மாநிலங்களின் தகுதி விதிகளும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. ஆகவே தனித்து நிற்கும் மாநிலம் தன் கணக்காளர்களைத் தன் எல்லைக்குள்ளேயே முடக்கிவிடும். விதி சரியில்லை என்று உணர்ந்தவர்களும் அதை விட்டு விலகத் தயங்கியதற்கு இதுவே பெருங்காரணம் என்று நான் கருதுகிறேன்.

உரிமமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிப்படிவம் தயாரித்துக் கொடுக்க இங்கே சி.பி.ஏ. உரிமம் தேவையில்லை; வரித்துறை தரும் ஓர் அடையாள எண் போதும். ஆனால் தணிக்கை அறிக்கையில் கருத்துரைத்துக் கையெழுத்திட உரிமம் வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் வங்கி கடன் தருகிறது, ஓய்வூதிய நிதி முதலீடு செய்கிறது. கணக்கு மோசடியால் என்ரான் என்ற எரிசக்தி நிறுவனம் வீழ்ந்த பின், அதன் தணிக்கையாளரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் 2002-இல் தணிக்கைக்கான உரிமங்களைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தபோது, அத்தனை பெரிய நிறுவனத்தின் தணிக்கைத் தொழில் அத்துடன் முடிந்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் என்ரான் ஆவணங்களை அழித்த வழக்கில் அதன்மீதிருந்த தண்டனைத் தீர்ப்பை ரத்து செய்தும் அது மீண்டெழவில்லை.

அந்தக் கையெழுத்துக்குரிய பயிற்சி வகுப்பறையில் மட்டும் கிடைப்பதன்று. முதல் ஆண்டில் ஒரு கிடங்கில் ஆண்டிறுதிச் சரக்கிருப்பை எண்ணும்போது, முன்வரிசைப் பெட்டிகளை எண்ணிவிட்டு நான் தாளை மடித்தேன். உடனிருந்த மூத்த தணிக்கையாளர் பின்வரிசையிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கச் சொல்லித் திறந்து பார்த்தார். ஒன்று காலி. அன்று கற்றதை எந்தக் கிரெடிட்டும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது.

அதனால்தான் நான் வாழும் ஒஹாயோ மாநிலம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய சட்டத்தை மனமார வரவேற்கிறேன். இளநிலைப் பட்டமும் தேவையான கணக்கியல் பாடங்களும் இருந்து, தேர்வில் தேறி, இரண்டு ஆண்டுகள் பணி அனுபவம் பெற்றவருக்கு 2026 ஜனவரி முதல் உரிமம் பெற வழி திறந்திருக்கிறது. வேறு பல மாநிலங்களும் இதே திசையில் சட்டம் இயற்றியுள்ளன. மாநில விதிகளை ஒப்பிடுவதற்குப் பதிலாகத் தனிமனிதரின் தகுதியைப் பார்த்து எல்லை தாண்ட அனுமதிக்கும் மாற்றமும் உடன் வருகிறது. அது இல்லாவிட்டால் முதல் மாற்றத்துக்குப் பயனில்லை.

மதுரையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள், இந்தப் புதிய வழியில் தனக்கு உடனே உரிமம் கிடைக்குமா என்று கேட்டாள். 90 கிரெடிட் பெறும் மூன்றாண்டுப் பட்டம் மட்டுமே இங்குள்ள நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு ஈடாகிவிடாது என்பதை அவளுக்கு விளக்கினேன். இப்போது சென்னையிலேயே தேர்வு எழுதலாம் என்பது வசதிதான். ஆனால் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன், எந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும், அங்கே சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) கட்டாயமா, பணி அனுபவத்துக்குச் சான்றளிப்பவர் யாராக இருக்க வேண்டும் என்று அந்த வாரியத்துக்கே எழுதிக் கேட்கச் சொன்னேன். கடிதத்தின் முதல் வடிவத்தை நேற்றிரவு அனுப்பியிருக்கிறாள். இன்று இருவரும் சேர்ந்து திருத்தப்போகிறோம்.